ஐந்தேகால் மணி லிஃப்ட்

ஏழாவது மாடியில் நின்று நான் ஒரு சத்தம் போட்டால், கீழே வாட்ச்மேன் டீ கிளாஸை வைத்துவிட்டு அண்ணாந்து பார்ப்பார். அப்படி ஒரு குரல் எனக்கு. பிறவியிலேயே வந்ததா, தையல் மெஷின்கள் ஓடுகிற கூடத்தில் இருபது வருஷம் பேசிப் பேசி வந்ததா, தெரியாது. தாராவியில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் நான் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வருகிற சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, நூல் பிரிந்ததையும் பட்டன் கோணியதையும் ஒதுக்குகிற பெண்கள் இருபத்தைந்து பேர் என் பொறுப்பில். "எடு" என்றால் எடுப்பார்கள். "பிரி" என்றால் பிரிப்பார்கள். காலை ஒன்பது மணி அடித்ததும் கதவை நானே சாத்துவேன். ஒன்பது பத்துக்கு வருகிறவள் அரை நாள் வெளியே நிற்க வேண்டியதுதான். அதில் எனக்குப் பெருமை வேறு.

அந்தப் பெருமையெல்லாம் எங்கள் கட்டடத்து கேட் வரைக்கும்தான். உள்ளே வந்தால் நானும் ஏழாம் மாடியில் ஒரு வீட்டுக்காரி, அவ்வளவே. என் பேச்சைக் கேட்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தலையெழுத்து இல்லை.

குடிசைகளை இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டிக்கொடுத்த கட்டடம் அது. லிஃப்ட் இரண்டு என்று காகிதத்தில் இருக்கிறது. ஒன்று நாங்கள் குடிவந்த வருஷமே படுத்தது, இன்னும் எழுந்தபாடில்லை. மற்றது ஓடும். ஆனால் கையால் இழுத்து அடைக்கிற கம்பிக் கதவு வைத்தது. கதவை முழுதாக இழுத்து அடைத்தால்தான் நகரும். யாராவது ஒரு விரற்கடை திறந்து விட்டுப் போனால் அந்த மாடியிலேயே நிற்கும். மற்ற மாடிக்காரர்கள் பொத்தானை அமுக்கி அமுக்கி அலுத்துப்போய், கடைசியில் கம்பிகளில் முகத்தை வைத்து "லிஃப்ட் பந்த் கரோ!" என்று, லிஃப்ட் கதவை அடைக்கச் சொல்லி, கத்த வேண்டும். பம்பாயில் இந்தக் கூப்பாடு கேட்காத காலை உண்டா என்ன.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து போயின. சர்க்கரை வியாதி கொண்டுபோய்ச் சேர்த்த இடம் அது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் செம்பூரில் ஒரு தர்ம டிரஸ்ட் நடத்துகிற சென்டரில் டயாலிசிஸ். காலை ஆறு மணி பேட்ச். ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே விட நாலு மணி நேரம் ஆகும். பத்தரைக்கு அதே கட்டிலில் அடுத்த ஆள் படுக்க வேண்டும். ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் நாலு மணி நேரம் கிடைக்கும். ஆறேகாலுக்குப் போனால் மூன்றே முக்கால்தான். போன கால் மணி போனதுதான், யாரும் திருப்பித் தர மாட்டார்கள். அந்தக் கால் மணியில் வெளியேற வேண்டிய நீர் உடம்பிலேயே தங்கும். இரண்டு மூன்று முறை சேர்ந்தாற்போல் அப்படி ஆனால் கால் வீங்கும், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும்.

ஆகவே ஐந்தேகாலுக்கு எங்களுக்கு லிஃப்ட் வேண்டும். படியில் இறங்கினால் என்ன என்று கேட்பீர்கள். ஒரு நாள் இறக்கிப் பார்த்தேன். நாலாம் மாடி திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்து, உதடு கறுத்துக் கிடந்த அந்தக் கோலத்தைப் பார்த்தபின் நான் படிப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்த ஐந்தேகாலுக்குத்தான் ஐந்தாம் மாடிக்காரர்களுக்கும் லிஃப்ட் வேண்டும். அங்கே மூன்று வீடுகள், மூன்றும் இட்லி வியாபாரம். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள்தான். விடியுமுன் அவித்து, பாத்திரம் பாத்திரமாக இறக்கி, சைக்கிளில் கட்டி, மாட்டுங்கா பக்கமும் சயான் பக்கமும் பறப்பார்கள். லிஃப்ட் ஐந்தாம் மாடிக்கு வந்ததும் கதவிடுக்கில் ஒரு செருப்பைச் செருகிவிடுவார்கள். இட்லிப் பாத்திரம், சாம்பார் கேன், சட்னி வாளி என்று மூன்று வீட்டுச் சாமானும் ஏறி முடிய பதினைந்து நிமிடம். ஏழாம் மாடியில் நாங்கள் இரண்டு பேரும் கம்பிக்குள் பார்த்துக்கொண்டு நிற்போம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது என்று கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். முலுண்டில் ஒரு குடும்பம், ஜாதகம் பொருந்தி, பையன் போட்டோவெல்லாம் வந்தாயிற்று. அப்பனுக்குக் கிட்னி போய்விட்டது என்றால், பிள்ளைக்கும் வருமோ என்று யோசிப்பார்கள், மாமனாரைத் தூக்கிச் சுமக்க வேண்டிவருமோ என்று யோசிப்பார்கள். நம் ஜனங்களைப் பற்றி நமக்குத் தெரியாதா? செம்பூரில் வாரத்துக்கு மூன்று நாள் காலை ஷிஃப்ட் வேலை என்று கதை கட்டினேன். கையில் ஊசி போடுகிற இடம் புடைத்திருக்கும். மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போட்டுவிட்டேன். எல்லாம் என் ஏற்பாடு. அவர் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பொறுமை அற்றுப்போய் ஐந்தாம் மாடிக்கு இறங்கிப் போனேன்.

"லிஃப்ட் என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா? செருப்ப எடுங்க மொதல்ல!"

இட்லி வீடுகளில் மூத்தவள், என்னைவிட இரண்டு மூன்று வயது கூடினவள், சாம்பார் கேனை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏன், சூப்பர்வைசரம்மாவுக்குன்னு தனியா ஒண்ணு செய்யச் சொல்லுவோமா? உங்க வீட்டுக்காரரு பத்து நிமிசம் பிந்திப் போனா கம்பெனி என்ன முங்கியா போவும்? எங்களுக்கு இட்லி ஆறிப்போச்சுன்னா ஒரு பய தொட மாட்டான்."

நான் கட்டின பொய்யே எனக்கு எதிராக வந்து நின்றது. பதிலுக்கு நாலு வார்த்தை கெட்டதாகச் சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

அதோடு விட்டேனா? விடுவேனா நான்! கட்டடத்தை நிர்வகிக்கிற சொசைட்டியின் செக்ரட்டரியிடம் போனேன். அவருக்கும் இட்லிக்காரர்களுக்கும் முன்பே ஏதோ கசப்பு. மறுநாளே இந்தியில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்: லிஃப்டில் வியாபாரச் சாமான் ஏற்றக் கூடாது. பசை காயுமுன் நான் போய்ப் படித்துவிட்டு வந்தேன். அன்று சாப்பாடு கூட ருசியாக இருந்தது.

வியாழக்கிழமை லிஃப்ட் ஐந்தேகாலுக்கு ஏழாம் மாடிக்கு வந்தது. அந்த ஒரு நாள்தான். சனிக்கிழமை பொத்தானை அமுக்கினால் மூன்றாம் மாடியில் நிற்கிறது. வாட்ச்மேன் ஓடிப்போய்க் கதவை அடைத்தார். திரும்ப அமுக்கினால் இரண்டாம் மாடியில் நிற்கிறது. யார் திறந்து விட்டது? யாருமில்லை. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. கட்டடத்தில் பாதிப் பேர் அந்த இட்லியைத் தின்று வளர்ந்தவர்கள். அந்தப் பெண்கள் கொதிக்கிற சாம்பாரோடு ஐந்து மாடி இறங்குவதை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னோடு யாரும் சண்டை போடவில்லை. கதவை மட்டும் சரியாக அடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று நாங்கள் சென்டருக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறு இருபத்தைந்து.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் காலை அமுக்கிப் பார்த்தேன். விரல் பட்ட இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தும் பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்கினார். "ஒண்ணுமில்ல, செவ்வாக்கெழம சரியாயிரும்" என்று என்னைத் தேற்றுகிறார். செவ்வாய்க்கிழமையும் பிந்தினால்? இத்தனை பேரை விரலசைவில் வைத்திருக்கிறவள், ஒரு கம்பிக் கதவுக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் நிற்கிறேனே என்று அழுகையாக வந்தது.

சாயங்காலம் ஐந்தாம் மாடிக்குப் போனேன். அந்த மூத்தவள் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. செவ்வாய், வியாழன், சனி மட்டும் ஒரு பத்து நிமிடம் விட்டுக் கொடுங்கள், நோட்டீஸைக் கிழிக்கச் சொல்கிறேன் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"எம் மருமவ உங்க கம்பெனியிலதான் நாலு மாசம் வேல பாத்தா, தெரியுமா?"

தெரியாது.

"மழத்தண்ணி முழங்கால் அளவு நின்ன அன்னைக்கு, பத்து நிமிசம் பிந்திட்டான்னு கதவச் சாத்தினிய. அப்ப மாசமா இருந்தா. நனஞ்சிக்கிட்டே வெளிய நின்னுட்டு வீட்டுக்கு வந்தா. மறுநாள்லேருந்து அவ வரலியே, அதையாவது கவனிச்சியளா?"

கவனிக்கவில்லை. வேறொருத்தியை எடுத்திருப்பேன். அந்தப் பெண்ணின் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தேன், வரவில்லை. உள்ளறையிலிருந்து குழந்தை சிணுங்குகிற சத்தம் கேட்டது. அது அவளுடைய குழந்தையாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

ஒத்திகை பார்த்ததெல்லாம் போயிற்று. "அவிய வேலைக்குப் போகலக்கா" என்று ஆரம்பித்தேன். கிட்னி, செம்பூர், நாலு மணி நேரம், காலில் விழுகிற குழி எல்லாவற்றையும் நின்றுகொண்டே கொட்டினேன். சொல்லும்போதே குரல் உடைந்தது. அவள் கிரைண்டரை நிறுத்தினாள். பிளாஸ்டிக் ஸ்டூலை என் பக்கம் தள்ளினாள்.

"ஏளா, இத மொதல்லயே சொல்லித் தொலைக்கதுக்கென்ன? ஊரான் வீட்டு ஆளுன்னா நெனச்சே எங்கள?"

"பிள்ளைக்கு வரன் பேசிக்கிட்டு இருக்கோம்க்கா."

உடனே அவளுக்கு விளங்கிவிட்டது. விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவளும் ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுத்தவள்தானே. "அதுஞ் சரிதான்" என்று பெருமூச்சு விட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பிறகு அவள் தன் பக்கத்து நியாயத்தைச் சொன்னாள். நான் முதல்முறையாகக் கேட்டேன். டிரம்மில் பிடித்து வைக்கிற தண்ணீர் ராத்திரி அரிசி கழுவி, மாவு அரைத்து, பாத்திரம் தேய்த்ததிலேயே தீர்ந்துபோகும். சட்னிக்கும் சாம்பாருக்கும் காலையில் குழாயில் வந்தால்தான் உண்டு. வாட்ச்மேன் நாலரைக்கு மோட்டார் போடுகிறார். மேலே தொட்டியில் ஏறி, குழாயில் இறங்கி, சாம்பார் கொதித்து முடியும்போது சரியாக ஐந்தேகால். "நாலு மணிக்குத் தண்ணி வந்துச்சுன்னா, நீ எந்திரிச்சு பல்லு விளக்குததுக்குள்ள நாங்க மாட்டுங்கா போயிருவோமே. லிஃப்ட வச்சி நாங்க என்ன படமா காட்டுதோம்?" என்றாள்.

அப்படியானால் மோட்டாரை நாலுக்குப் போட்டால் தீர்ந்தது! எழுந்தேன், விறுவிறுவென்று கீழே போனேன். வாட்ச்மேன் கையை விரித்தார். "தீதி, நீச்சே வாலே பாபா மனா கர்த்தே ஹைன்" என்றார். கீழ்வீட்டுப் பெரியவர் கூடாது என்கிறாராம்.

கீழ்வீட்டுப் பெரியவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்தபின் தனியாள். அவர் அறையின் தெற்குச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் மோட்டார் இருக்கிறது. நான் நேராக உள்ளே போய்ச் சட்டம் பேசினேன். "அண்ணாச்சி, கட்டில அந்தப் பக்கமாத் திருப்பிப் போட்டுக்கிடுங்க, சத்தம் கேக்காது" என்றேன்.

"வடக்க தலவச்சுப் படுக்கச் சொல்லுதியா? எம்மேல உனக்கு என்ன விரோதம்? நான் சாகணுமா?"

அவ்வளவுதான். என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

திரும்பி வந்து ஐந்தாம் மாடி அக்காவிடம் புலம்பினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "நீ போனா ஆன கத கந்தல்தான். நாளைக்கு நான் வாரேன். நீ வாயத் தெறக்கக் கூடாது, சரியா?"

மறுநாள் திங்கட்கிழமை வியாபாரம் முடிந்து வந்து, ஒரு கிண்ணத்தில் நாலு இட்லியும் மிளகாய்ப்பொடியும் எடுத்துக்கொண்டாள். நான் அரை நாள் லீவு போட்டிருந்தேன். போய் உட்கார்ந்தோம். அவள் மோட்டாரைப் பற்றிப் பேசவே இல்லை. அவருக்கு முட்டுவலி எப்படி, எந்த எண்ணெய் தேய்க்கிறார், மழைக்கு அறை ஒழுகுகிறதா என்று ஊர்க்கதை. எனக்குப் பொறுக்கவில்லை. வாயெடுத்தேன். இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள் பாருங்கள், ரெண்டு நாள் சிவந்து கிடந்தது.

"ராத்திரி தூக்கம் எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

அப்போதுதான் அவர் வாய் திறந்தது. இந்தக் கட்டடம் கட்டும்போது மோட்டாரை எங்கே வைக்கலாம் என்று எல்லோரிடமும் கேட்டார்களாம், அவரிடம் மட்டும் கேட்கவில்லையாம். அவர் மனைவி அப்போது படுத்த படுக்கை. மோட்டார் ஓடினால் அந்த அம்மாள் திடுக்கிட்டு எழுந்து அழுவார்களாம். செக்ரட்டரி வீட்டுக்கு எத்தனையோ தரம் நடந்து, நாலரைக்கு முன்னால் போடக் கூடாது என்று ஒரே ஒரு வாக்கு வாங்கினார். "இந்தக் கட்டடத்துல எம் பேச்சு எடுபட்டது அது ஒண்ணுதான்" என்றார். அதைத்தான் நான் முந்தின நாள் ஒரே வரியில் பிடுங்கப் பார்த்திருக்கிறேன்.

அக்கா அறையைச் சுற்றிப் பார்த்தாள். கிழக்குச் சுவரை அடைத்துக்கொண்டு ஓர் இரும்பு பீரோ நின்றது. "அத அந்தப் பக்கம் தள்ளிட்டா கிழக்கப் பாக்க தலவச்சுப் படுக்கலாம்லா? கிழக்குன்னா ரொம்ப விசேசமாச்சே."

"யாரு தள்ளுவா? நானா?"

"எங்க வீட்டு ஆம்பளைங்க நாலு பேரு மேல சும்மாதான இருக்காவ."

பெரியவர் பீரோவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினார். "ஒனக்கு இதுல என்ன? நீ என்னத்துக்கு இந்த மாதிரி அலையுத?"

அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைக் கிள்ளவில்லை. சொன்னேன். முந்தின நாள் போல அழவில்லை. ஆனால் வியாதியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மனைவியைப் பார்த்துக்கொண்ட மனிதர். நாலு மணி நேரம் என்றால் என்ன, மூன்றரை என்றால் என்ன என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நாலு மணிக்குப் போடட்டும்" என்றார். "ஆனா நான் வந்து வாட்ச்மேன்கிட்ட சொன்னாத்தான் போடணும். செக்ரட்டரி சொன்னான்னு போடக் கூடாது."

அப்படியே ஆகட்டும் என்றோம். இட்லி வீட்டு ஆண்கள் இறங்கி வந்தார்கள். பீரோ கனமாக இருந்ததால் காலி செய்ய வேண்டியிருந்தது. மனைவியின் சேலைகளை அவரே ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் அடுக்கினார். பீரோவை நகர்த்திய பின் திரும்ப வாங்கி அதே வரிசையில் வைத்தார். முழுசாகப் பத்து நிமிட வேலை. வருஷக்கணக்கில் அதற்கு ஆள் கேட்க அவருக்கு மனம் வரவில்லை, கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை.

நோட்டீஸை நானே கிழித்தேன். செக்ரட்டரி முறைத்தார். முறைக்கட்டும்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கெல்லாம் இட்லிச் சாமான் இறங்கிவிட்டது. ஐந்தேகாலுக்குக் காலி லிஃப்ட் ஏழாம் மாடிக்கு வந்தது. ஆறு மணிக்கு அவர் கையில் ஊசி ஏறியது. அந்த வாரம் மூன்று நாளும் முழு நாலு மணி நேரம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் காலை அமுக்கிப் பார்த்தேன், குழி விழவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தேன். "ஏட்டி, வலிக்கி, விடு" என்று சிரித்தார்.

கம்பெனியில் ஒருத்தி ஒன்பது இருபதுக்கு வந்தாள். கதவைத் திறந்து ஏன் என்று கேட்டேன். கேட்டதற்கே பயந்துபோய் அழ ஆரம்பித்துவிட்டாள். நல்லபடியாகக் கேட்டதற்கு இப்படி அழுகிறாளே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. பழக்கம் ஒரு நாளில் போய்விடுமா?

இரண்டு மாதம் இப்படி ஓடியது. முலுண்ட்காரர்கள் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, ஒரு சித்தி. கேசரி, பஜ்ஜி, காபி. என் வீட்டுக்காரர் முழுக்கைச் சட்டையில் சோபாவில் உட்கார்ந்து ரயில்வே, அரசியல் எல்லாம் பேசினார். என் கண்ணே பட்டுவிடும் போல் இருந்தார். போகும்போது மாப்பிள்ளையின் அம்மா என் மகள் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள்.

மறுநாள் போன் வந்தது. ஜாதகத்தை வேறு இடத்தில் காட்டினார்களாம், பொருத்தமில்லையாம். அந்த ஜாதகம் எப்போதோ பொருந்திய ஜாதகம். எனக்கு நொடியில் விளங்கிவிட்டது. கீழே இறங்கினேன். பெரியவர் லிஃப்ட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நேத்து வந்தவங்ககிட்ட என்ன சொன்னிய அண்ணாச்சி?"

அவர் முகமெல்லாம் மலர்ந்தது. "ஏழாம் மாடிக்கு வழி கேட்டாவ. ஒன் வீட்டுக்காரரப் பத்தி உசத்தியாத்தான் சொன்னேன். வாரத்துக்கு மூணு நாளு ரத்தம் மாத்துதாவ, ஒரு நா முனங்கினது கெடையாது, நாங்க கட்டடமே சேந்து லிஃப்ட் அனுப்பி வைக்கோம்னேன். நல்ல மனுசங்க, உன்னிப்பாக் கேட்டாவ. ஏன், முடிஞ்சிட்டா?"

திட்ட வேண்டும் என்றுதான் இறங்கி வந்தேன். ஆனால் யாரைத் திட்ட? இது வெளியே தெரியக் கூடாது என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. ஐந்தாம் மாடியில் சொல்லாமலே புரிந்துகொண்டார்கள். இவரும் புரிந்துகொள்வார் என்று விட்டுவிட்டேன். பெண் பிள்ளை இல்லாத வீடு, அவருக்கு எப்படித் தெரியும்? "இன்னும் பேசிக்கிட்டு இருக்கோம்" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

வீட்டில் நான் சொல்லாமலே என் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது. சாப்பிடவில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை எழுப்பினேன். எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"நான் வரல. நீ வேலையப் பாரு."

"என்ன வெளையாட்டு இது? டாக்ஸி சொல்லியாச்சு. எந்திரிங்க."

"ஒரு பிள்ளையோட வாழ்க்க என்னால போச்சு. இதுல எனக்கு ஊசி ஒரு கேடா?"

ஐந்தேகால் ஆயிற்று. லிஃப்ட் வந்து நின்ற சத்தம் கேட்டது. கீழிருந்து ஐந்தாம் மாடி அக்கா, "ஏளா, அனுப்பிட்டோம், வா!" என்று குரல் கொடுத்தாள். நான் அதட்டினேன். கெஞ்சினேன். கையைப் பிடித்து இழுத்தேன். நோஞ்சான் உடம்பு, ஆனால் அசையவில்லை. முப்பது வருஷத்தில் அந்த மனிதர் எனக்கு "மாட்டேன்" என்று சொன்னது அன்றுதான். ஐந்து இருபது. ஐந்து இருபத்தைந்து.

மகள் எழுந்து வந்தாள். பாந்த்ரா பக்கம் ஓர் ஆபீசில் வேலை பார்க்கிறவள். ஏழு மணிக்கு முன்னால் எழுந்து நான் பார்த்ததில்லை. அப்பா காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"ப்பா, நீங்க எப்படி உயிரோட இருக்கீங்கன்னு தெரிஞ்சதும் ஓடுற ஃபேமிலியில நான் போய் என்ன பண்ணுவேன்? நாளைக்கு எனக்கே ஒண்ணு வந்தா என்னையும்தான ஒளிச்சு வைப்பாங்க?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பாவ ஒளிச்சு வைக்கணுமான்னு என்னைய ஒரு தடவ கேட்டியாம்மா? ஒரே ஒரு தடவ?"

கேட்கவில்லை. வாட்ச்மேனிடம் கேட்டேன். பெரியவர் வீட்டுக் கட்டில் எந்தத் திசையில் கிடக்கிறது என்பது வரைக்கும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். யாருக்காக மறைத்தேனோ, என் வயிற்றில் பிறந்து என் வீட்டிலேயே இருக்கிறவள், அவளிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"தப்புதாம்மா" என்றேன். அவளிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் அப்பாவின் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள். "போய்ட்டு வாங்கப்பா, ப்ளீஸ்" என்று அழுதாள். அவர் அவள் தலையைத் தடவினார். பிறகு அவள் தோளைப் பிடித்து எழுந்தார்.

அன்று மூன்று பேரும் டாக்ஸியில் போனோம். சென்டரில் ஆறு இருபது காட்டியது. டெக்னீஷியன் ஊசியைப் பிரித்துக்கொண்டே, "க்யா ஹுவா, ஃபிர்ஸே லிஃப்ட்?" என்று கேட்டார். மறுபடியும் லிஃப்ட்தானா என்கிறார்.

"இல்லண்ணே" என்றேன். "லிஃப்ட் டைமுக்கு வந்துச்சு. நாந்தான் லேட்."